ஜோட் குடும்பம் கிளம்பிய ஊர்: ஒரு நாவலும் ஓக்லஹோமாவின் உள்ளூர் வரலாறும்

கேள்வி: ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை அண்மையில் வாசித்தேன். நிலத்தை இழந்து ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோட் குடும்பத்தின் கதை உண்மையில் நடந்ததை ஒட்டியதா, மிகைப்படுத்தப்பட்டதா? அந்த ஊர்களின் வரலாறு தெரிந்தவர்கள் இந்த நாவலைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இதையடுத்து எதை வாசிக்கலாம்?

பதில்:

ஜோட் குடும்பத்தை நிலத்திலிருந்து விரட்டும் காரணங்களாக நாவல் காட்டுபவை எல்லாம் உண்மையில் இருந்தவை. கடன், வங்கி, பருத்தி விலையின் வீழ்ச்சி, டிராக்டர், ஆட்கள் தேவை என்று அச்சடித்து இறைக்கப்பட்ட துண்டறிக்கைகள், போய்ச் சேர்ந்த இடத்தில் நாளுக்கு நாள் குறைக்கப்பட்ட கூலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆவணச் சான்று உண்டு. ஆனால் அந்தக் குடும்பம் வாழ்ந்ததாக நாவல் சொல்லும் ஊரை வரைபடத்தில் தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் எழும். அந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டால் நாவலின் மதிப்பு குறைவதில்லை. பலரும் அதைப் புழுதிப் புயலின் கதையாக நினைத்து வாசிக்கிறார்கள். அது அடிப்படையில் குத்தகை நிலத்தின் கதை என்பது உள்ளூர் வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் தெளிவாகிறது.

ஜோட் குடும்பம் ஓக்லஹோமாவின் கிழக்கு எல்லையில், ஆர்கன்சா மாநிலத்தை ஒட்டிய செக்கோயா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) உள்ள சாலிசா என்னும் சிற்றூரின் பக்கத்தில் இருந்ததாக ஸ்டைன்பெக் எழுதுகிறார். அது மரங்களும் சிறு குன்றுகளும் நிறைந்த பகுதி. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடம். 1930-களின் பெரும் புழுதிப் புயல்கள் மையம் கொண்டிருந்ததோ அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில், குறுகிய பட்டையாக நீண்டு கிடக்கும் பான்ஹேண்டில் பகுதியிலும், அதைச் சுற்றியுள்ள தென்மேற்குக் கன்சாஸ், தென்கிழக்குக் கொலராடோ, வடக்கு டெக்சாஸ், வடகிழக்கு நியூ மெக்சிகோ ஆகிய இடங்களிலும்தான். சாலிசாவிலிருந்து பான்ஹேண்டிலின் கடைசிக் கவுண்டியான சிமாரனுக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரம். கிழக்கிலும் வறட்சி இருந்தது, பயிர் கருகியது, காற்றில் புழுதியும் வந்தது. ஆனால் கதவு நிலை வரைக்கும் மணல் மேடிட்டு நிற்கும் புகைப்படங்களில் நாம் பார்க்கும் நிலம் ஜோட் குடும்பத்தினுடையது அன்று.

மேற்கில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு 1862-இல் கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை குறைந்த பகுதிகளுக்கு 1909-இல் அது 320 ஏக்கராக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற, காற்று ஓயாத அந்தச் சமவெளியில் மண்ணைப் பிடித்துவைத்திருந்தது குட்டைப் புல்லின் வேர்தான். முதல் உலகப் போரின்போது கோதுமை விலை புஷலுக்கு (தானியம் அளக்கும் ஓர் அளவு) 2 டாலருக்கு மேல் போனதும், அந்தப் புல்வெளி லட்சக்கணக்கான ஏக்கரில் உழுது புரட்டப்பட்டது. போர் முடிந்து விலை இறங்கியபோது, கடனைக் கட்ட வேண்டியவர்கள் விலையில் விட்டதை விளைச்சலில் பிடிக்கலாம் என்று மேலும் உழுதார்கள். 1931-இல் அமோக விளைச்சல். விலையோ சில இடங்களில் 25 சென்ட் அளவுக்குப் போய்விட்டது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து மழை பொய்த்தது. உழுத நிலம் வெறுமையாகக் கிடந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த கரும்புயலைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே வரலாறு குறிக்கிறது. அந்தப் பகுதிக்குப் ‘புழுதிப் படுகை’ என்ற பெயர் நிலைத்தது, மறுநாள் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ராபர்ட் கைகர் அனுப்பிய செய்தியிலிருந்துதான். அதே மாதம் 27-ஆம் தேதி மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஸ்டைன்பெக்கின் நாவல் சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 1939 ஏப்ரல் 14 அன்று வெளியானது தற்செயல்தான் என்றாலும், இரண்டையும் மக்கள் மனத்தில் ஒன்றாக்கிவிட அதுவும் துணைபோயிருக்கலாம்.

அந்த மேற்குப் பகுதிக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஊரை விட்டுப் போகவில்லை என்பதை நாவல் வாசித்தவர்கள் பலர் அறிவதில்லை. டெக்சாஸ் கவுண்டியில் (இது டெக்சாஸ் மாநிலத்தில் இல்லை, ஓக்லஹோமாவின் பான்ஹேண்டிலில் இருக்கிறது) ஈவா என்னும் இடத்தின் பக்கத்தில் கணவரோடு விவசாயம் செய்த கரோலின் ஹெண்டர்சன், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியராக வந்து, 1907-இல் தானாகவே நிலம் பதிந்துகொண்டு விவசாயி ஆனவர். அவர் ஒரு தோழிக்கு எழுதிய கடிதங்கள் 1936 மே மாதம் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் வந்தன. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மூக்குத் துவாரங்களில் வாசலினைத் தடவிக்கொண்டு, காற்று நுழையும் இடமெல்லாம் நுழைந்துவிடும் புழுதியை வீட்டிலிருந்து அள்ளிக்கொட்டிக்கொண்டே இருந்ததை அவர் எழுதுகிறார். சன்னல்களில் ஈரத் துணியைத் தொங்கவிடுவதும், சாப்பாடு பரிமாறும் கணம் வரை தட்டுகளைக் கவிழ்த்தே வைத்திருப்பதும் அந்த ஊர்களில் அன்றாட வழக்கம். வேறு தீவனம் இல்லாத வீடுகளில் முள்செடியை, அது இளசாக இருக்கும்போதே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு ஹெண்டர்சன் சொல்லும் பதில் ஒற்றைக் காரணமாக இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போட்ட உழைப்பை இல்லாதது போல நினைத்து நடந்துகொள்ள முடியாது என்கிறார். போகிற இடத்தில் உறுதியான வேலை எதுவும் இல்லை என்கிறார். அடுத்த மழையில் நிமிர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையையும் மறைக்கவில்லை. குடும்பங்களின் துன்பத்தைப் பற்றிய அமெரிக்க எழுத்தில், ஊரை விட்டுப் போனவர்களுக்குக் கிடைத்த இடம் தங்கிவிட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஹெண்டர்சனின் கடிதங்களை நான் மிக உயர்வாக மதிப்பதற்கு அது ஒரு காரணம்.

இனி கிழக்கு ஓக்லஹோமாவுக்கு வருவோம். ஜோட் குடும்பத்தின் உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது. 1935 வாக்கில் ஓக்லஹோமாவின் பண்ணைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை குத்தகைதாரர்களின் கையில் இருந்தன. பருத்தி விளையும் கவுண்டிகளில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதவர்கள் ஏராளம். பல குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும் வண்டியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த நிலச் சொந்தக்காரரைத் தேடிப் போவது, புழுதிப் புயலுக்கு வெகு முன்பே வழக்கமாக இருந்தது. 1929-இல் ராத்தலுக்கு ஏறத்தாழ 17 சென்ட் விற்ற பருத்தி, 1932-இல் 6 சென்ட் அளவுக்குச் சரிந்தது. வாரத்துக்கு உழுதவனின் பங்கு, விதைக்கும் மாவுக்கும் மளிகைக் கடையில் வாங்கிய கடனுக்கே போதவில்லை.

இந்த நிலையில்தான் ரூஸ்வெல்ட் அரசு 1933-இல் வேளாண் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பது அதன் கணக்கு. நிலத்தைத் தரிசாகப் போடுவதற்கு அரசு பணம் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே நாடு முழுவதும் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி, பயிராக நின்ற நிலையிலேயே உழுது அழிக்கப்பட்டது. விலையும் ஏறத்தான் செய்தது. ஆனால் பணம் நிலச் சொந்தக்காரரின் கைக்குப் போனது. அதில் ஒரு பங்கை அவர் குத்தகைதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தபோதிலும், அதைக் கண்காணிக்க ஆள் இல்லை. பயிரிடும் பரப்பு குறைந்ததும் உழுகிற குடும்பமே தேவையில்லாமல் போயிற்று. அரசு கொடுத்த பணத்தில் டிராக்டர் வாங்கிய சொந்தக்காரர்கள், பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒற்றை ஓட்டுநரை வைத்து உழுதார்கள். குடியானவனுக்கு உதவுவதற்காக வந்த சட்டம் குடியானவர்களில் மிக ஏழையானவர்களை வெளியே தள்ளிய இந்த விளைவைத்தான், அக்கால அமெரிக்க வரலாற்றில் ஒருவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பேன்.

இதை அறிந்துகொண்டு நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். டிராக்டரை ஓட்டி வருகிறவன் வெளியூர்க்காரன் இல்லை. அக்கம்பக்கத்துக் குடும்பத்துப் பையன். ஒரு நாளைக்கு 3 டாலர் கிடைக்கிறது, வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்கிறான். வீட்டைத் தொட்டால் சுட்டுவிடுவேன் என்று குத்தகைதாரர் சொல்ல, தன்னைச் சுட்டால் வேறொருவன் வருவான் என்று பதில் வருகிறது. அப்படியானால் உத்தரவு கொடுத்தவனைச் சுடுகிறேன் என்றால், அவனுக்கு உத்தரவு வங்கியிலிருந்து வருகிறது. வங்கிக்கோ கிழக்கே தொலைவிலிருந்து வருகிறது. யாரைச் சுடுவது என்று தெரியாமல் அந்த மனிதர் துப்பாக்கியோடு நிற்கும் இடத்தில் புழுதிக்கு எந்தப் பங்கும் இல்லை. நாவலின் முதல் அத்தியாயம் புழுதியை அத்தனை வலுவாக எழுதிவிட்டதால், வாசகர்கள் அடுத்து வருவதையெல்லாம் அதன் விளைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாவல் எழுதப்பட்ட வரிசையைப் பார்த்தால் ஸ்டைன்பெக்குக்கும் அதில் பங்குண்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் குற்றத்தை எங்கே சுமத்த வேண்டும் என்பதில் அவர் தடுமாறவில்லை.

அவர் தடுமாறிய இடம் வேறு. அதே அத்தியாயத்தில் குத்தகைக் குடும்பங்கள், தங்கள் தாத்தா செவ்விந்தியர்களைக் கொன்று விரட்டிவிட்டு இந்த நிலத்தைப் பிடித்ததாகச் சொல்லித் தங்கள் உரிமையை நாட்டுகிறார்கள். சமவெளியின் வேறு பகுதிகளுக்கு இது பொருந்தலாம், சாலிசாவுக்குப் பொருந்தாது. சாலிசா, செரோக்கி என்னும் பூர்வகுடியினரின் நாட்டு எல்லைக்குள் இருந்த இடம். செரோக்கி மொழிக்கு எழுத்து முறையை உருவாக்கிய செக்கோயாவின் மரக்குடில் இன்றைக்கும் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது; கவுண்டியின் பெயரே அவருடையது. தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து 1830-களில் பலவந்தமாகத் துரத்தப்பட்டு வந்து சேர்ந்த செரோக்கிகளின் பொது நிலம், 1898-இல் வந்த கர்ட்டிஸ் சட்டத்துக்குப் பிறகு தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 1907-இல் ஓக்லஹோமா மாநிலமானது. அதையொட்டிய ஆண்டுகளில் அந்தத் துண்டு நிலங்கள் விற்பனை, அடமானம், காப்பாளர் நியமனம், மோசடி ஆகிய வழிகளில் கைமாறிப் போயின. அங்கே நிலம் பறிபோனது பெரும்பாலும் துப்பாக்கியால் அல்ல, பத்திரத்தால். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோட் போன்ற குடும்பங்களிடமிருந்தும் நிலம் போனது அதே பத்திரத்தால்தான். ஸ்டைன்பெக் இந்த உள்ளூர் வரலாற்றை அறிந்திருந்தால் நாவலுக்கு இன்னொரு பெரும் ஆழம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கலிஃபோர்னியாக்காரர், சலினாஸில் 1902-இல் பிறந்தவர். சாலிசாவை வெளியிலிருந்து பார்த்துத்தான் எழுதினார். ஓக்லஹோமாவின் நாடாளுமன்ற உறுப்பினர் லைல் போரன் 1940 ஜனவரியில் அவையிலேயே இந்த நாவலைப் பொய் என்று சாடினார். அந்தக் கோபத்தில் மாநிலப் பெருமிதம் நிறையவே கலந்திருந்தது என்றாலும், சாலிசா பகுதியின் நில அமைப்பு நாவலில் தவறாக இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

புறப்பாடு பற்றிய பகுதிகளில் நாவல் வரலாற்றோடு நெருங்கிவிடுகிறது. பண்ணையில் பெயர்த்தெடுக்கக்கூடிய எல்லாவற்றையும் விற்றதற்கு ஜோட் குடும்பத்துக்குக் கிடைப்பது 18 டாலர். புறப்படும் நாளில் தாய் ஒரு பெட்டியைத் திறந்து, பழைய கடிதங்களையும் பத்திரிகைத் துணுக்குகளையும் படங்களையும் பார்க்கிறாள். காதணி போன்ற சில சின்னஞ்சிறு நகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை அப்படியே அடுப்பில் வைத்துவிடுகிறாள். ஒரு குடும்பத்தின் உள்ளூர் வரலாறு அழிவது இப்படித்தான் என்பதால், அந்தச் சில வரிகளை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. வழியில் ஒரு முகாமில் சந்திக்கும் மனிதர் துண்டறிக்கையின் கணக்கை விளக்குகிறார்: வேண்டியது 800 பேர், அச்சடிப்பது 5,000 தாள், படிப்பது ஒருவேளை 20,000 பேர், அவர்களில் இரண்டு மூவாயிரம் பேர் வந்து நின்றாலே கூலியை எவ்வளவுக்கும் இறக்கலாம். பெரும் பண்ணைகளின் கூலிக் கொள்கையை இதைவிடத் தெளிவாக விளக்கிய பொருளாதாரக் கட்டுரையை நான் வாசித்ததில்லை.

எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். 1930-களில் ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா, மிசௌரி ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலிஃபோர்னியாவுக்குச் சென்றார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் புழுதிப் படுகையின் மையக் கவுண்டிகளிலிருந்து போனவர்கள் 16,000-க்கும் குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகரங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களில் பலர் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களுக்கே போய் வேலை தேடிக்கொண்டார்கள். ஜோட் குடும்பத்தைப் போல சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போனவர்கள் மொத்தத்தில் ஒரு பகுதியினர்தான். ஆனால் மிக மோசமாக அடிபட்ட பகுதியினர் அவர்களே.

அவர்களை மாநிலம் வரவேற்ற முறையில் நாவலாசிரியர் எதையும் மிகைப்படுத்தத் தேவையிருக்கவில்லை. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தம் நகர எல்லையைத் தாண்டி, மாநில எல்லைகளுக்கே 136 காவலர்களை அனுப்பி, கையில் காசில்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் செய்தார். ஏழை ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்து வருவதே குற்றம் என்று சொன்ன கலிஃபோர்னியச் சட்டத்தை, வேலையில்லாத மைத்துனரை டெக்சாஸிலிருந்து காரில் ஏற்றி வந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 1941 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

ஸ்டைன்பெக் இதையெல்லாம் பார்த்து எழுதியவர். 1936 அக்டோபரில் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழுக்காக ஏழு கட்டுரைகளைத் தொடராக எழுதினார். அப்போது கெர்ன் கவுண்டியில் ஆர்வின் ஊருக்கருகே, வீட்பேட்ச் என்று அழைக்கப்பட்ட அரசு முகாமின் மேலாளர் டாம் காலின்ஸைச் சந்தித்தார். முகாமில் உள்ளவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சம்பாதித்தார்கள், எப்படிப் பேசினார்கள், என்ன பாடினார்கள் என்று காலின்ஸ் வாரந்தோறும் எழுதிவைத்த அறிக்கைகள் நாவலின் உரையாடல்களுக்கு உரமாயின. நாவலின் சமர்ப்பணத்தில் தலைப்பைத் தந்த மனைவி கேரலுக்கு அடுத்தபடியாக வரும் டாம் அவர்தான். நாவலில் தாய் முதன்முறையாக மரியாதையாக நடத்தப்படுவது அந்த முகாமில்தான். மேலாளர் வந்து அவள் கொடுத்த காப்பியை உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனதும், மறுபடியும் மனுஷி ஆனது போல அவள் உணர்கிறாள். குடியிருப்பவர்களே குழு அமைத்து நடத்திய அந்த முகாம் வரலாற்றில் இருந்தபடியேதான் நாவலிலும் இருக்கிறது. இறுதி அத்தியாயங்களின் வெள்ளமும் கற்பனையில் பிறந்ததன்று. 1938-இன் தொடக்கத்தில் விசேலியா பகுதியில் வெள்ளத்தில் சிக்கிப் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு நடுவே காலின்ஸோடு சேர்ந்து உதவி செய்த பிறகுதான் அவர் நாவலை எழுத உட்கார்ந்தார்.

முகாம் இருந்த அதே கெர்ன் கவுண்டியின் நிர்வாகக் குழு, 1939 ஆகஸ்டு 21 அன்று நாலுக்கு ஒன்று என்ற வாக்கில், கவுண்டியின் நூலகங்களிலும் பள்ளிகளிலும் நாவலைத் தடை செய்தது. பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு படியைப் பகிரங்கமாக எரித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். தடைக்கு எதிராகக் குழுவுக்கே கடிதம் எழுதியவர் கவுண்டியின் தலைமை நூலகர் கிரெட்சன் நீஃப். தமக்குச் சம்பளம் கொடுக்கும் குழுவிடமே, இன்று இந்தப் புத்தகத்தைத் தடை செய்தால் நாளை எதைத் தடை செய்வீர்கள் என்று கேட்டார். முடக்கப்பட்ட படிகளை மற்ற நூலகங்களுக்கு அனுப்பிவைக்கவும் செய்தார். தடை 1941 ஜனவரியில்தான் நீங்கியது. இதே கவுண்டியில் கல்விக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட லியோ ஹார்ட், உள்ளூர்ப் பள்ளிகளில் ‘ஓக்கி’ (ஓக்லஹோமாக்காரர் என்பதன் சுருக்கம்) என்று ஏளனம் செய்யப்பட்ட முகாம் பிள்ளைகளுக்காக 1940-இல் வீட்பேட்ச் முகாமுக்குப் பக்கத்திலேயே தனிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகளும் ஆசிரியர்களும் தங்கள் கையாலேயே கட்டடம் எழுப்பினார்கள், காய்கறி பயிரிட்டார்கள், நீச்சல் குளம் தோண்டினார்கள். இந்தப் பள்ளியைப் பற்றி நாவல் எதுவும் சொல்ல வழியில்லை. நாவல் வெளியான பிறகுதான் அது எழுந்தது.

சொல்லியிருக்க முடிந்தும் நாவல் சொல்லாமல் விட்டதும் உண்டு. ஓக்லஹோமாக்காரர்கள் வருவதற்கு முன்பு அந்த வயல்களில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் மெக்சிகோக்காரர்களும் ஃபிலிப்பைன்ஸ்காரர்களும். அவர்களுக்கு முன்பு ஜப்பானியரும் சீனரும். 1933 அக்டோபரில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் நடந்த பெரும் பருத்தி வேலைநிறுத்தத்தில் ஆயிரக்கணக்கில் பங்கெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பிக்ஸ்லி என்னும் ஊரில் கூடியிருந்தவர்கள்மீது பண்ணைக்காரர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். அந்தப் பத்தாண்டில் மெக்சிகோ வம்சாவளியினர் சில லட்சம் பேர், அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார்கள். தம் 1936 கட்டுரைகளில் இந்தத் தொழிலாளர்களின் வரலாற்றை எழுதிய ஸ்டைன்பெக், நாவலில் அவர்களுக்கு ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. வெள்ளையர் வாசகர்களின் மனத்தை அசைக்க வெள்ளையர் குடும்பம் ஒன்று வேண்டும் என்று அவர் கருதியிருக்கலாம். காரணம் எதுவானாலும் நாவலில் உள்ள பெரிய குறை இதுதான். புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த புகழ்பெற்ற படத்திலும் இதுபோன்ற ஒரு மறைப்பு உண்டு. புழுதியால் விரட்டப்பட்ட வெள்ளைக்காரத் தாயின் முகமாக உலகம் பார்த்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கிப் பெண்; புழுதிப் புயல்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்.

அடுத்து எதை வாசிப்பது என்ற உங்கள் கேள்விக்கு, சனோரா பாப் எழுதிய ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்நோன்’ என்ற நாவலைத் தயங்காமல் சொல்வேன். ஸ்டைன்பெக் வெளியிலிருந்து பார்த்த நிலத்தில் பாப் வளர்ந்தவர். 1907-இல் ஓக்லஹோமாவில் பிறந்தார்; கொலராடோவின் பாக்கா கவுண்டியில், தரையைத் தோண்டி அமைத்த ஒற்றை அறையில், தாத்தாவோடு சேர்த்து மொத்தக் குடும்பமும் வாழ்ந்த காலத்தில், சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாள்களைப் படித்து எழுத்துக் கற்றுக்கொண்டார். 1938-இல் அதே காலின்ஸின் கீழ் முகாம்களில் தன்னார்வமாக வேலை செய்தார். அப்போது அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் காலின்ஸ் ஸ்டைன்பெக்கிடமும் கொடுத்திருக்கிறார். பாப் தம் நாவலை ராண்டம் ஹவுஸ் நிறுவனத்துக்கு அனுப்பிய வேளையில் ஸ்டைன்பெக்கின் நாவல் வெளியாகி நாடெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. இதே விஷயத்தில் இன்னொரு நாவலைச் சந்தை தாங்காது என்று பதிப்பாளர் பென்னட் செர்ஃப் முடிவு செய்தார். கையெழுத்துப் படி அறுபத்தைந்து ஆண்டுகள் கிடந்து, 2004-இல்தான் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியே நூலானது. பாப் அடுத்த ஆண்டு காலமானார்.

பாப்பின் நாவலில் முதல் பாதி முழுக்க பான்ஹேண்டிலிலேயே நடக்கிறது. டன் குடும்பத்தில் கணவன் மில்ட், மனைவி ஜூலியா, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவர் ஒருவர். மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறதா, கடைக்காரர் இன்னொரு மாதம் கடன் தருவாரா, சோளத்தட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சின்னச் சின்னக் கணக்குகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. புழுதி வரும் அத்தியாயம் ஒன்று ஜூலியா எழுதும் நாட்குறிப்பாகவே அமைந்திருக்கிறது. பாப்பின் தாய் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தை ஆதாரமாகக் கொண்டது அது. இன்று காற்று, துணி துவைக்க முடியவில்லை, மறுநாளும் காற்று என்று தேதிவாரியாகப் போகும் அந்தக் குறிப்புகளில் வர்ணனைக்கு இடமில்லை. புழுதிப் புயலை அனுபவித்த ஒரு வீட்டுப் பெண்ணின் அலுப்பு அதனாலேயே முழுமையாக வந்து சேர்கிறது. கலிஃபோர்னியாப் பகுதியில், ஸ்டைன்பெக் விட்டுவிட்ட கறுப்பினத் தொழிலாளரும் ஃபிலிப்பைன்ஸ்காரரும் டன் குடும்பத்தோடு சேர்ந்து நிற்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்பவர்களை வீட்டிலிருந்து வெளியேற்றும் சட்ட அறிவிப்பில், பெயர் தெரியாதவர்களைக் குறிக்கும் வாசகத்திலிருந்து எடுக்கப்பட்டதே நாவலின் தலைப்பு. ஸ்டைன்பெக்கின் வேகமும் சங்கீதமும் இதில் இல்லை. கதை மெதுவாகவே நகரும். ஆனால் எந்தப் பக்கத்திலும் ஓர் உள்ளூர்க்காரர் பிழை கண்டுபிடிக்க முடியாத எழுத்து இது.

அந்தக் குடும்பங்களின் பிற்கால வாழ்க்கையைத் தேடினால் மறுபடியும் கிழக்கு ஓக்லஹோமாவுக்கே வந்துசேர்வோம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் விமானத் தொழிற்சாலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் ‘ஓக்கி’களை வேலைக்கு எடுத்துக்கொண்டன, வயலிலிருந்து அவர்கள் விலக, அங்கே மறுபடியும் மெக்சிகோத் தொழிலாளர்கள் வந்தார்கள். நாட்டுப்புற இசையில் பெரும் புகழ்பெற்ற மெர்ல் ஹாகார்டின் பெற்றோர் செக்கோட்டா என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். அதுவும் சாலிசாவைப் போலக் கிழக்கேதான் இருக்கிறது. அவர்களை ஊரை விட்டுக் கிளப்பியது தானியக் களஞ்சியம் தீப்பிடித்து எரிந்த சம்பவம். பேக்கர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஆயில்டேலில் பழைய ரயில் பெட்டி ஒன்றை அவருடைய தந்தை வீடாக மாற்றினார். ஹாகார்ட் 1937-இல் அந்த ஊரில் பிறந்தார். அந்தப் பெட்டி இப்போது கெர்ன் கவுண்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்கள் முதலில் பாப்பின் நாவலில் பான்ஹேண்டில் பகுதியை வாசியுங்கள். கூடவே ஹெண்டர்சனின் 1936-ஆம் ஆண்டுக் கடிதங்களையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நிலத்தைத் தங்கிவிட்டவரின் கண்ணாலும் கிளம்பிவிட்டவரின் கண்ணாலும் பார்க்கலாம். அதன் பிறகு ஸ்டைன்பெக்கிடம் திரும்பும்போது, ஜோட் குடும்பம் வராத இடை அத்தியாயங்களை மட்டும் தனியாக எடுத்து ஒருமுறை தொடர்ச்சியாக வாசித்துப் பாருங்கள்: நிலம், டிராக்டர், பழைய கார் வியாபாரம், சாலை, கூலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் அவற்றில்தான் அவர் செய்தியாளராகச் சேகரித்த வரலாறு கிட்டத்தட்ட முழுமையாக இருக்கிறது.